படத்தில் இல்லாத கூரை

“எல்லாஞ் சரி. கூரையை எங்கங்க காணோம்?” என்று கேட்டாள் விசாலாட்சி.

பொன்னுவேல் அவள் கையிலிருந்த போட்டோவை வாங்கிப் பார்த்தார். பினாங்கிலிருந்து தபாலில் வந்த போட்டோ. ‘கலைவாணி மொழிப் பயிற்சிக் கழகம்’ என்று ஒரு பெரிய பலகை. பலகைக்குப் பின்னால் மாடிக் கட்டடம். கீழே நாலு ஜன்னல், மாடியில் நாலு ஜன்னல். மாடி ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் சுவர் இருந்தது. அதற்கு மேல் போட்டோ முடிந்துபோயிருந்தது.

“படத்துக்குள்ள அவ்வளவுதான் அடங்கியிருக்கு,” என்றார்.

“முன்னாடி கெடக்குற புல்லு அடங்கியிருக்கு. மூணு தென்ன மரம் அடங்கியிருக்கு. ஒரு நாய்கூட நிக்குது.”

“போட்டோ பிடிக்கிறவன் கீழ நின்னு பிடிச்சிருப்பான்.”

“எல்லாரும் கீழ நின்னுதாங்க பிடிப்பாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் இருமினாள்.

அந்த இருமலுக்காகத்தான் இத்தனை பாடும். இல்லாவிட்டால் நாற்பத்தாறு வயதில் கடல் தாண்டிப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பொன்னுவேலுக்கு என்ன தலையெழுத்து? கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பள்ளிக்கூடம் கொடுத்திருந்த தகரக் கூரை வீட்டில் அவர்கள் குடிவந்து பதினாறு வருஷம் ஆகிறது. மழை பெய்தால் ஏழு இடத்தில் ஒழுகும். எந்த இடத்துக்கு அண்டா, எந்த இடத்துக்குக் குண்டான் என்பது விசாலாட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நாலு வருஷமாக அவளுக்கு இளைப்பு. ஈரம் ஆகவே ஆகாது, வெயில் அடிக்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இன்னும் இரண்டு மழைக்காலம் இங்கே இருந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் போன ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார். கூரையைச் சரி செய்து தரும்படி பொன்னுவேல் பதினாறு மனு எழுதியிருந்தார். மனுக்களில் பிழையே இல்லை என்று துரைசானி பாராட்டினார்.

துரைசானி என்றால் மிஸ் பெக். கொடைக்கானலில் சொந்தமாக மொழிப்பள்ளி நடத்திவந்தவர். சீமையிலிருந்து புதிதாக இறங்கிய பாதிரிமார்கள், டாக்டரம்மாக்கள், தோட்டத்துத் துரைகள் எல்லாரும் சித்திரை பிறந்ததும் மலையேறி வந்து அங்கே தமிழ் படிப்பார்கள். பொன்னுவேல் அங்கே முன்ஷி, அதாவது மொழி வாத்தியார். ‘இது நாற்காலி. நான் நாற்காலியில் உட்காருகிறேன்’ என்பது முதல் பாடம். பதினாறு வருஷமாக அதே நாற்காலி. உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள், சொல்லிக்கொடுத்தவர்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மாதம் படித்துத் தேறியவர்கள் சந்தைக்குப் போய், “அம்மையீர், இவ்வெள்ளைப்பூண்டின் விலை யாது?” என்று கேட்பார்கள். பேத்துப்பாறையிலிருந்து பூண்டு கொண்டுவரும் ராக்காயி, “முன்ஷி, இவங்களுக்கு நீங்க என்னத்தைத்தான் சொல்லிக்குடுக்குறீங்க?” என்று பொன்னுவேலைப் பிடித்துக்கொள்வாள்.

இந்த லட்சணத்தில்தான் 1955ஆம் வருஷம் தை மாதம் பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டார். பினாங்கில் தனியார் பள்ளி, தோட்டத்துத் துரைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும், குடியிருக்க வீடும் உண்டு. வேலை உமக்குத்தான் என்று பதிலும் இந்தப் போட்டோவும் வந்துவிட்டன. விசாலாட்சி கூரையைத் தேடுகிறாள்.

“விசாரிக்காம போகப்படாதுங்க,” என்றாள். “இங்கயும் விசாரிக்காமத்தான வந்தோம்.”

அது நியாயம். பொன்னுவேல் பினாங்குப் பள்ளியின் மானேஜருக்கே மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். வீடு எப்படிப்பட்டது, கூரை ஓடா தகரமா, மழைக்காலத்தில் நிலைமை என்ன என்றெல்லாம் கேட்டிருந்தார். பதில் வந்தது. ‘தாங்கள் கேட்டிருக்கும் விஷயங்கள் யாவும் திருப்திகரமாக உள்ளன. பங்குனி முடிவதற்குள் தங்கள் ஒப்புதல் தந்தி வராத பட்சத்தில், காத்திருக்கும் பதினொரு பேரில் ஒருவர் நியமிக்கப்படுவார்.’

“திருப்திகரமா இருக்காம்,” என்றார் பொன்னுவேல்.

“யாருக்கு?”

“அவருக்குத்தான் போல.”

“எங்க அண்ணன்கிட்டப் போயிக் கேளுங்க. அதுக்கு பினாங்குல ஆள் இருக்கு.”

பொன்னுவேலுக்கு அப்போதே அலுப்புத் தட்டியது. விசாலாட்சியின் அண்ணன் சேனாதிபதி பழனி அடிவாரத்தில் யாத்ரீகர்களுக்கு விடுதி நடத்துகிறவர். தைப்பூசத்துக்குப் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காவடி எடுத்து வருகிறவர்கள் அவரிடம்தான் தங்குவார்கள். ஆனால் விடுதி நடத்துவது அவருடைய பிழைப்பு மட்டும்தான், அவருடைய சோலி வேறு. அதாவது சம்பந்தம் பேசி முடிப்பது. நாற்பது கல்யாணம் முடித்திருக்கிறார். அவரிடம் ஒரு காரியத்தைக் கொடுத்தால் அது பந்தக்கால் ஊன்றாமல் திரும்பாது.

இருந்தாலும் பொன்னுவேல் வெள்ளனே கிளம்பி, மலையிறங்கி, வத்தலக்குண்டில் ஒரு பஸ், திண்டுக்கல்லில் ஒரு பஸ் என்று மாறிப் பழனிக்குப் போய்ச் சேர்ந்தார்.

சேனாதிபதி எல்லாவற்றையும் கேட்டார். மானேஜரின் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துக் கீழே வைத்தார்.

“நேராக் கேட்டீங்களா மாப்ள? மாப்பிள்ளையோட அப்பங்கிட்டயே போயி, உங்க மகன் குடிப்பானான்னா கேப்பாங்க? பக்கத்து வீட்ல கேக்கணும். அதுவும் நீங்க கேக்கப்படாது, மூணாம் மனுசன் கேக்கணும். யாருக்காகக் கேக்குறோம்னு சொல்லப்படாது. முடியிற வரைக்கும் இந்தப் பக்கத்துப் பேரு அந்தப் பக்கம் தெரியப்படாது, அந்தப் பக்கத்துப் பேரு இந்தப் பக்கம் தெரியப்படாது.”

“இது பள்ளிக்கூடம் மச்சான். சம்பந்தம் இல்ல.”

“நீங்க போயி வாழப்போற எடந்தான?”

“ஆமா.”

“அப்பச் சம்பந்தந்தான்.”

பினாங்கில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே மளிகைக் கடை வைத்திருந்த பழனிச்சாமி என்பவர் வருஷா வருஷம் சேனாதிபதியின் விடுதிக்கு வருகிறவர். அவருக்கு எழுதி, உள்ளதை உள்ளபடி வரவழைத்துத் தருவதாகச் சொன்னார் சேனாதிபதி. பொன்னுவேல் மறுபடியும் இரண்டு பஸ் மாறி மலையேறினார்.

மாசி நடுவில் பதில் வந்தது. பினாங்குக் கடைக்காரர் எழுதியதை அப்படியே பெயர்த்துச் சேனாதிபதி அனுப்பியிருந்தார். கவரில் அனுப்பியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது. அவர் கார்டில் அனுப்பினார்.

‘மாப்ளைக்கு. விசாரித்தாச்சு. மானேஜருக்கு வயது நாற்பத்திரண்டு. குடி, சீட்டு இல்லை. வம்சத்தில் சித்தப்பிரமை கிடையாது. முதல் தாரம் தவறி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. நகை நட்டு எதிர்பார்க்கவில்லை. வருகிற பெண்ணுக்குச் சமையல் தெரிந்தால் போதும் என்கிறார். நல்ல இடம்.’

பொன்னுவேல் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“உங்கண்ணன் எனக்கு மாப்பிள்ள பாத்திருக்காரு,” என்று விசாலாட்சியிடம் கொடுத்தார்.

கார்டு அவர்கள் கைக்கு வருமுன் தபால்காரர் திருமலைச்சாமி அதை வாசித்திருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கார்டில் எழுதியதை வாசிக்கத்தானே எழுதியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. நல்ல சேதியாக இருந்தால் வழியில் நாலு பேரிடம் சொல்லுவார். இது நல்ல சேதி.

ஆனால் நாயுடுபுரத்துக்கு ஒரு கணக்கு உதைத்தது. மாப்பிள்ளை பினாங்கில் இருக்கிறார், சரி. பெண் யார்? முன்ஷிக்கு ஒரே மகள், அவளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. முன்ஷிக்குத் தங்கச்சி கிடையாது. முன்ஷிக்குத் தெரிந்தவர்களில் கல்யாணமாகாமல் இருப்பது யார் என்று ஊர் யோசித்தது. அப்படி ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

மூன்றாம் நாள் மிஸ் பெக் பொன்னுவேலைத் தம் அறைக்கு அழைத்தார். துரைசானிக்கு அவர் சொல்லிக்கொடுத்த தமிழ்தான், ஒரு எழுத்து பிசகாது.

“அமருங்கள் முன்ஷி அவர்களே. ஒரு வதந்தி என் செவிக்கு எட்டியது.”

பொன்னுவேல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவருக்கு அகவை நாற்பத்திரண்டு என்கின்றனர். எனக்கு ஐம்பத்தெட்டு. தங்கள் அக்கறைக்கு நன்றி. ஆயினும் எனக்குச் சமையல் தெரியாது.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று பொன்னுவேலுக்குத் தோன்றியது. அதுதான் அவரை உடைத்தது. பினாங்கு, விளம்பரம், வீடு, இளைப்பு, சேனாதிபதி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போகலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவே செய்யவில்லை என்பதை மட்டும் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

“செல்க,” என்றார் மிஸ் பெக். “ஆனால் தங்களைப் போன்ற ஒருவரை இந்நாற்காலியில் அமர்த்திவிட்டுச் செல்க. சித்திரைக்கு முன்.”

‘செல்க’ என்பதையும் பொன்னுவேல்தான் 1941இல் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். “இங்க வேலை போயிருச்சு. அங்க கூரை இருக்கான்னு தெரியல. இதுல எனக்குப் பதிலா ஒரு ஆளை நான்தான் பிடிச்சுக் குடுக்கணுமாம்.”

“அண்ணனுக்கு எழுதுங்க.”

“உங்கண்ணனாலதான்டி இவ்வளவும்.”

“அதுக்குத்தான் சொல்றேன். அதுவே சரி பண்ணட்டும்.”

இந்த முறை ‘கவரில் எழுதவும்’ என்று அடிக்கோடிட்டு எழுதினார். சேனாதிபதி கவரிலும் எழுதவில்லை. பங்குனி முதல் வாரம் தாமே வந்து இறங்கினார், காதைச் சுற்றித் துண்டு, அதற்கு மேல் இன்னொரு துண்டு. அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்துவிட்டார்.

“ரெண்டு நல்ல சேதி மாப்ள. பினாங்குப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு ஆளைப் பழனிச்சாமி பிடிச்சிருக்காரு. உள் ஆளு. கூரை, சுவரு, தண்ணி எல்லாத்தையும் அந்த ஆளே எழுதித் தாரேன்னு ஒத்துக்கிட்டாராம். அடுத்த வாரம் வந்துரும்.”

“கவர்ல வருமா?”

“கவர்லதான். ரெண்டாவது, உங்களுக்குப் பதிலா ஆளும் கெடைச்சாச்சு. பேரு குருநாதன். பூர்வீகம் நம்ம பாச்சலூருதான், படிச்சவரு, தமிழ் சொல்லிக்குடுத்துப் பழக்கம். இப்ப வெளியூர்ல வேலை. அங்க வெக்கை தாங்கலையாம், வீட்டம்மாவுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. குளிர்ந்த ஊரா இருந்தாப் போதும்னு கெடக்காரு.”

மதராஸாக இருக்கும் என்று பொன்னுவேல் நினைத்துக்கொண்டார். மதராஸ் வெயிலைப் பற்றி அவருக்கும் தெரியும்.

“ஆனா அவங்களும் விசாரிக்கணும்ங்குறாங்க,” என்று சேனாதிபதி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “யாருக்காகன்னு சொல்லல, யாருகிட்டன்னும் நான் சொல்லல. ஊரு மட்டுந்தான் சொன்னேன். நீங்களே பதில் எழுதுங்க. வெரசா எழுதுங்க, நான் மத்தியான பஸ்ஸுக்குப் போகணும். இந்தக் குளிர்ல மனுசன் இருப்பானா?”

“இதை எழுதவா?” என்று கேட்டார் பொன்னுவேல்.

“அய்யய்ய, அத எழுதாதீங்க.”

தாளில் கேள்விகள் வரிசையாக, அழகான கையெழுத்தில் இருந்தன. பொன்னுவேல் பேனாவை எடுத்தபோது தகரத்தின் மேல் கோடைமழை இறங்கியது. விசாலாட்சி எழுந்து அண்டாவையும் குண்டானையும் அதனதன் இடத்தில் வைத்தாள். தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

பொன்னுவேல் பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஆனால் ஆள் வராவிட்டால் இவர் போக முடியாது, இவர் போகாவிட்டால் இன்னொரு ஐப்பசியை இந்த வீட்டில் விசாலாட்சி இருமியே கழிக்க வேண்டும். ஏழாவது சொட்டு கடிதத்தின் மேலேயே விழுந்தது. அவர் தாளைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு எழுதினார்.

குளிர் எப்படி? ‘தேகத்துக்கு இதமான சீதோஷ்ணம்.’

வீடு எப்படி? ‘காற்றோட்டமானது.’ ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்து நாலு வருஷமாக அந்த இடத்தில் சிலேட்டு நின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் வசதி? பொன்னுவேல் நிமிர்ந்து அண்டாவைப் பார்த்தார். ‘வெளியே போக வேண்டியதே இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.’

மேலதிகாரி? ‘தூய தமிழில் பேசுவார்.’

மாணவர்கள்? ‘எதிர்க்கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்வது கிடையாது.’

விசாலாட்சி அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள். “பாவங்க அந்த மனுசன்,” என்றாள்.

“தெரியும்,” என்றார் பொன்னுவேல். உண்மையிலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கவரை ஒட்டினார்.

பத்து நாளில் பினாங்கு ‘உள் ஆள்’ எழுதிய பதில் வந்தது. பழனிச்சாமியோ சேனாதிபதியோ அதை இன்னொரு தரம் பெயர்த்து எழுதியிருந்தார்கள், கையெழுத்து, கோழி கிளறியது மாதிரி இருந்தது. பொன்னுவேல் உரக்க வாசித்தார்.

“வெயில் எப்படி? இளஞ்சூடு, தேகத்துக்கு மிக உகந்தது. வீடு எப்படி? மாடியில் தனி அறை, நல்ல காற்றோட்டம்.”

விசாலாட்சி சிலேட்டு நின்ற ஜன்னலைப் பார்த்தாள்.

“தண்ணீர் வசதி? குறைவே இல்லை, மாடிக்கே வந்துவிடும். மானேஜர்? குடும்பத்தில் ஒருவராக நினைப்பார். கூரை? உறுதியான மரச்சட்டங்கள். ஒரு விஷயம், அங்கே மழைகூடக் குளிராது.”

“மரச்சட்டத்துக்கு மேல என்ன இருக்குன்னு எழுதியிருக்கா?”

“இல்ல.”

“எழுதுனவரு நல்ல மனுசருங்க,” என்றாள் விசாலாட்சி.

“எப்படிச் சொல்ற?”

“உங்கள மாதிரியே எழுதுறாரு.”

பொன்னுவேல் கடிதத்தை மறுபடி பார்த்தார். அவள் சொல்லிய பிறகு பொய் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. காற்றோட்டம். மாடிக்கே வந்துவிடும். பதினாறு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவருக்கு இது தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டார். கட்டியிருந்த வேட்டியோடு கிளம்பித் தபாலாபீஸுக்கு நடந்தார். வரவில்லை என்று தந்தி அடித்துவிடுவது, மிஸ் பெக்கிடம் போய் நின்று அதே நாற்காலியைக் கேட்பது, அவ்வளவுதான்.

தபாலாபீஸ் வாசலில் திருமலைச்சாமி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாழ்த்துக்கள் முன்ஷி. உங்க மச்சினரு தந்தி குடுத்திருக்காரு. வீட்டுக்குத்தான் கெளம்பிட்டிருந்தேன்.”

‘நல்ல முகூர்த்தம் தவறக்கூடாது. பினாங்குக்கு உங்கள் பெயரில் ஒப்புதல் தந்தி அடித்தாச்சு. இங்கே வருகிறவரும் ஒப்புக்கொண்டார். இரண்டு பக்கமும் திருப்தி. சேனாதிபதி.’

பொன்னுவேல் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது கல்யாணம் முடித்த கை. பெண்ணை ஒரு வார்த்தை கேட்டுவிட்டா முடித்திருக்கும்?

அவர் எழுந்து மிஸ் பெக்கைப் பார்க்கப் போனபோது, அங்கே தோட்டத்தில் மேஜை போட்டுக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சேனாதிபதி துரைசானிக்கும் ஒரு தந்தி அடித்திருந்தார். “அமருங்கள் முன்ஷி அவர்களே. இது தங்கள் பிரிவு உபசாரம்,” என்றார் மிஸ் பெக். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, நான் போகவில்லை, கூரையில் சந்தேகம் வந்துவிட்டது என்று எந்தத் தமிழில் சொல்வது? பொன்னுவேல் கேக்கைத் தின்றார்.

“போவோங்க,” என்றாள் விசாலாட்சி, அவர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்ன பிறகு. “மத்ததெல்லாம் பொய்யாவே இருக்கட்டும். அந்த மழை குளிராதுங்கிறது மட்டும் பொய் மாதிரித் தெரியல. பொய்யின்னா இன்னும் அழகா எழுதியிருப்பாரு.”

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பொன்னுவேலும் விசாலாட்சியும் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார்கள். கப்பலில் தொலைந்துபோகாமல் இருக்கப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் பேரும் ஊரும் எழுதியிருந்தது. கப்பல் ஏறுகிற வரைக்கும் எந்த ஊருக்கு என்று ஒருத்தர் கண்ணிலும் படப்படாது என்பது சேனாதிபதியின் உத்தரவு. அதனால் பொன்னுவேலின் கம்பளியை நாலாக மடித்து அந்த எழுத்தின் மேல் போட்டிருந்தாள் விசாலாட்சி.

மேலே வருகிற பஸ்ஸில் புது முன்ஷி வந்து இறங்குவார், அதே பஸ்ஸில் பழைய முன்ஷி மலையிறங்கிப் போக வேண்டும் என்று ஏற்பாடு. பஸ் வந்தது. முதலில் இரண்டு துண்டு கட்டிய தலையோடு சேனாதிபதி இறங்கினார். பின்னால் மெல்லிய சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர், அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அந்த அம்மாளின் கழுத்திலும் கையிலும் வேர்க்குருத் தழும்பு. அவள் காலைக் கீழே வைத்ததுமே பல் கிட்டிக்கொண்டது.

“இவரு பழைய முன்ஷி. இவரு புது முன்ஷி. பாத்தாச்சா?” என்றார் சேனாதிபதி. “ஏறுங்க மாப்ள, நேரமாச்சு. பேச்செல்லாம் பொறகு கடிதாசில பேசிக்கலாம்.”

“டிரைவர் டீ குடிக்கப் போறாரு மச்சான்,” என்றார் பொன்னுவேல்.

குருநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். களைத்த முகம், ஆனால் நல்ல முகம். “வீடு காத்தோட்டமா இருக்கும்னு எழுதியிருந்தாங்க,” என்றார்.

“இருக்கும்,” என்றார் பொன்னுவேல்.

“தண்ணிகூட வீட்டுக்குள்ளயேன்னு.”

“அதுவும் இருக்குங்க.”

குருநாதன் தலையை ஆட்டினார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். விசாலாட்சி அதைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

பொன்னுவேலால் தாங்க முடியவில்லை. நாலு வருஷம் அந்த நடுக்கத்தைத் தன் வீட்டில் பார்த்தவர் அவர். குனிந்து பெட்டியின் மேல் இருந்த கம்பளியை எடுத்தார்.

“மாப்ள, அது வேணாம்,” என்றார் சேனாதிபதி.

“வச்சுக்கங்கம்மா,” என்று கம்பளியை நீட்டினார் பொன்னுவேல். “இந்த ஊரைப் பத்தி நான்தான் எழுதினேன். இதமான சீதோஷ்ணம்னு. அது பொய்யிங்க. ஏழு எடத்துல ஒழுகும். அண்டா குண்டானெல்லாம் அங்கயே வச்சுட்டு வந்திருக்கேன், எடம் மாத்திராதீங்க.”

குருநாதன் பொன்னுவேலைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளி போன இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் ‘பொன்னுவேல், பினாங்கு’ என்று எழுதியிருந்தது. சேனாதிபதி பஸ்ஸின் பின்பக்கம் போய் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார்.

டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஏறினார். குருநாதன் தம் மூட்டையை அவிழ்த்து, துணியில் நாலு ஒட்டுப் போட்ட பழைய குடை ஒன்றை உருவி எடுத்துப் பொன்னுவேலின் கையில் வைத்தார்.

“வச்சுக்கங்க, மாடியில கட்டிலுக்கு நேர் மேல ஒழுகும், ஆனா நான் எழுதினதுல ஒண்ணே ஒண்ணு நெசந்தாங்க, அந்தத் தண்ணி குளிராது.”